லெஜூன் முகாம் தண்ணீர்: வழக்குக் கெடு முடிந்துவிட்டது, மனைவிக்கு இனி என்ன வழி?

ஜாக்சன்வில்_செல்வன்:

பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவருக்குப் படிவங்கள் நிரப்பித் தர வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நல்லது.

அவர் கணவர் அமெரிக்க மரீன் படையில் இருந்தவர். 1981 மார்ச் முதல் 1983 ஜூன் வரை வட கரோலினா லெஜூன் முகாமில் பணி. குடிதண்ணீரில் ரசாயன நஞ்சு கலந்திருந்த முகாம் அது. முதல் நான்கு மாதம் ஹேட்நாட் பாயிண்ட் பாராக்கில் தனியாக. பிறகு மனைவியோடு முகாமின் டராவா டெரஸ் குடியிருப்பில். கல்யாணம் 1980-இல். 2018 பிப்ரவரியில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது, 2021-இல் காலமானார். விஏ என்கிற படைவீரர் நலத்துறையில் அவர் எதுவுமே கேட்டதில்லை. அந்த அம்மாளுக்கு இப்போது 68 வயது, மறுமணம் இல்லை. போன வருடம் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டிருக்கிறது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏ, பி இரண்டும் உண்டு. அதற்கு மேல் கைக்காசுதான் போகிறது.

வழக்குப் போடும் கெடு 2024 ஆகஸ்டில் முடிந்துவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் எல்லாம் முடிந்ததா? "இன்னும் நேரம் இருக்கிறது, சோஷியல் செக்யூரிட்டி எண்ணைச் சொல்லுங்கள்" என்று வாரத்துக்கு இரண்டு மூன்று போன் வேறு வருகிறது. யாரை நம்புவது?

படிவம்பிள்ளை:

கோர்ட் வேறு, விஏ வேறு. 2024 ஆகஸ்ட் 10-ஓடு முடிந்தது, 2022-இல் வந்த லெஜூன் முகாம் நீதிச் சட்டத்தின் கெடு. விஏவில் உதவித்தொகை கேட்பதற்குக் கெடுவே கிடையாது. ஆனால் கேட்கத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போனது போனதுதான். ஆகவே மற்றதைப் படிப்பதற்கு முன்னால் இன்றைக்கே 21-0966 படிவத்தை அனுப்பிவிடுங்கள். "கோரிக்கை போடப் போகிறேன்" என்று முன்கூட்டிச் சொல்லிவைக்கும் சின்னப் படிவம் அது. வாரிசுகளுக்கான கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள். முழு விண்ணப்பம் ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர்ந்தால், இந்தச் சின்னப் படிவம் சேர்ந்த தேதியிலிருந்தே பணம் கணக்காகும்.

அடுத்து முழு விண்ணப்பம். இந்த அம்மாள் கேட்க வேண்டியது டிஐசி என்கிற வாரிசு இழப்பீடு, படிவம் 21பி-534ஈஇசட். 2025 கணக்கில் மாதம் 1,653 டாலர், வருமான வரி கிடையாது. கணவர் உயிரோடு இருந்தபோது எதுவும் கேட்கவில்லை என்பது தடையே இல்லை. அவர் இறந்ததற்குக் காரணமான நோய் பணிக்காலத்தோடு தொடர்புடையது என்பதை மனைவி இப்போதும் நிறுவலாம். லெஜூன் விஷயத்தில் அது இன்னும் சுலபம். 2017 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி எட்டு நோய்களுக்குத் தண்ணீர்தான் காரணம் என்று விஏவே எடுத்துக்கொள்ளும்: பெரியவர்களுக்கு வரும் லுக்கீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியாவும் மற்ற எலும்பு மஜ்ஜைக் கோளாறுகளும், சிறுநீர்ப்பை, சிறுநீரகம், கல்லீரல் புற்றுநோய்கள், மல்டிபிள் மைலோமா, நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, பார்க்கின்சன். டாக்டர் வந்து காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நோய், நாள் கணக்கு, படையிலிருந்து அவமதிப்பாக விலக்கப்படவில்லை என்பது, இந்த மூன்றும் போதும். நாள் கணக்கு என்றால் 1953 ஆகஸ்ட் 1 முதல் 1987 டிசம்பர் 31 வரையிலான காலத்தில் மொத்தம் 30 நாள். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் மத்தியதரைக் கடலுக்குக் கப்பலில் போய்வந்தவர்களும் கூட்டிக் கணக்கிடலாம்.

முகாம் என்பதன் எல்லையிலும் பலர் தடுமாறுகிறார்கள். கேம்ப் கைகர், கேம்ப் ஜான்சன், நியூ ரிவர் விமானத் தளம் எல்லாமே விஏ கணக்கில் லெஜூன்தான். சில வாரப் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்களும், ரிசர்வ் ஆட்களும், நேஷனல் கார்டும் இதில் அடக்கம்.

நாள் கணக்கை எப்படிக் காட்டுவது? டிடி-214 என்கிற பணி விடுவிப்புச் சான்று போதும் என்று நினைத்து அதை மட்டும் இணைக்கிறார்கள், திரும்பி வருகிறது. அதில் கடைசிப் பணியிடம்தான் இருக்கும். செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவம் எழுதி முழுப் பணிக்கோப்பைக் கேளுங்கள். எந்தத் தேதியில் எந்த யூனிட்டில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்ற வரிசை அதில் இருக்கும். மறுமணம் செய்யாத மனைவி கேட்கலாம். இறப்புச் சான்றிதழ் நகல் சேர்க்க வேண்டும். 1973-இல் அந்த மையத்தில் தீப்பிடித்ததே என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எரிந்தவை ராணுவம், விமானப்படை கோப்புகள். மரீன் கோப்புகள் தப்பின.

இனி அந்த அம்மாளின் சொந்த நோய். இங்கேதான் இரண்டு பட்டியல்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன எட்டு, படைவீரருக்கான இழப்பீட்டுப் பட்டியல். 2012-இல் வந்த சட்டத்தில் இருக்கும் பதினைந்து, மருத்துவச் செலவுப் பட்டியல். குடும்பத்தாருக்குப் பொருந்துவது அதுதான். மார்பகம், நுரையீரல், உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள், கருச்சிதைவு, பெண் மலட்டுத்தன்மை, ஸ்க்லெரோடெர்மா இந்தப் பதினைந்தில் உண்டு, எட்டில் இல்லை. கல்லீரல் புற்றுநோய் தலைகீழ்: எட்டில் உண்டு, பதினைந்தில் இல்லை.

ஆக, மார்பகப் புற்றுநோய்க்கு அந்த அம்மாள் 10-10068 படிவம் போடலாம். கேட்பவை மூன்று: அந்தக் காலத்தில் அந்தப் படைவீரரின் மனைவியாக இருந்ததற்குச் சான்று, முகாமில் 30 நாள் குடியிருந்ததற்குச் சான்று, கட்டிய பணத்துக்கு ரசீது. சிகிச்சை தரும் டாக்டரின் அறிக்கைக்குத் தனித் தாள் இருக்கிறது. விண்ணப்பம் போன தேதிக்கு இரண்டு வருடம் முன்புவரை ஆன செலவையும் கேட்கலாம் என்பதால் போன வருட ரசீதுகள் செல்லும், தூக்கி எறிந்துவிட வேண்டாம். மெடிகேரும் மற்ற காப்பீடும் கொடுத்தது போக மிஞ்சும் கைச்செலவைத்தான் இது தரும். மாத உதவித்தொகை கிடையாது.

எதை முதலில் போடுவது என்று கேட்டால் டிஐசிதான் என்பேன். அது கிடைத்துவிட்டால் சாம்ப்விஏ மருத்துவக் காப்பீட்டுக்கும் அவர் தகுதி பெறுவார், படிவம் 10-10டி. 65 வயது தாண்டியவருக்கு மெடிகேர் ஏ, பி இரண்டும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அது இவரிடம் இருக்கிறது. மெடிகேர் கொடுத்த பிறகு சாம்ப்விஏ கொடுக்கும், அதற்கும் மிஞ்சியதற்கு லெஜூன் குடும்பத் திட்டம். மூன்றும் சேர்ந்தால் கைக்காசு ஏறக்குறைய நின்றுவிடும். இன்னொன்று, பணித்தொடர்புள்ள மரணம் என்று ஏற்றுக்கொண்டால் அடக்கச் செலவுக்கு 2,000 டாலர் வரை உண்டு, அதற்கும் கெடு இல்லை. இதை யாரும் சொல்வதில்லை.

கோர்ட்டுப்படி:

நண்பர் விஏ பக்கத்தை முழுசாகச் சொல்லிவிட்டார். வழக்குப் பக்கம் என் பங்கு.

லெஜூன் முகாம் நீதிச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று தெரிந்தால் கெடு ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதும் புரியும். பணியின்போது நேர்ந்த பாதிப்புக்குப் படைவீரர் அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்பது 1950-இன் ஃபெரஸ் தீர்ப்பு. குடும்பத்தாருக்கோ வட கரோலினாவின் பத்து வருட எல்லைச் சட்டம் குறுக்கே நின்றது. கடைசியாக மாசு நடந்த நாளிலிருந்து பத்து வருடம் ஆனால் உரிமையே இல்லை. இந்த இரண்டையும் காட்டித்தான் 2016-இல் அட்லாண்டா ஃபெடரல் கோர்ட் எல்லா வழக்கையும் தள்ளியது. 2019 ஜனவரியில் கடற்படை (மரீன் படை அந்தத் துறையின் கீழ்தான்) 4,400-க்கு மேற்பட்ட கோரிக்கைகளை ஒரே அடியாக நிராகரித்தது. 2022 ஆகஸ்ட் 10-இல் கையெழுத்தான பேக்ட் சட்டத்தின் 804-ஆவது பிரிவாக வந்த இந்த நீதிச் சட்டம் இந்தத் தடைகளை எடுத்துவிட்டு இரண்டே வருடம் அவகாசம் கொடுத்தது. முதலில் கடற்படையிடம் கோரிக்கை, அவர்கள் மறுத்தாலோ ஆறு மாதம் பேசாமல் இருந்தாலோ வட கரோலினா கிழக்கு மாவட்டக் கோர்ட்டில் வழக்கு. வேறு எந்தக் கோர்ட்டிலும் போட முடியாது. ஜூரியும் கிடையாது, 2024 பிப்ரவரியில் நான்கு நீதிபதிகளும் சேர்ந்து அதை முடிவு செய்தார்கள்.

கெடுவுக்குள் கடற்படையிடம் கோரிக்கை போயிருந்தால் மட்டும்தான் இனி வழி. போயிருந்தால் வழக்கு உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்தால் அன்றிலிருந்து 180 நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும். போகவில்லை என்றால், "இப்போதும் புதிதாகச் சேர்த்துவிடுகிறோம்" என்று போன் செய்கிறவர் யாராக இருந்தாலும் பொய் சொல்கிறார். அவருக்கு வேண்டியது சோஷியல் செக்யூரிட்டி எண்தான். சில கூட்டம் விஏ விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம் என்று பணம் கேட்கிறது. முதல் விஏ கோரிக்கைக்குக் கட்டணம் வாங்குவதே சட்டப்படி தப்பு. டிஏவி, அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ போன்ற படைவீரர் அமைப்புகளின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிகளும், கவுண்டி படைவீரர் சேவை அலுவலகமும் இலவசமாகவே செய்வார்கள். யாருக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதை விஏ தலைமைச் சட்ட அலுவலகத்தின் தேடல் பக்கத்தில் பெயர் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மனைவியின் மார்பகப் புற்றுநோய்க்கு இந்தச் சட்டத்தின் கீழ் வழி இல்லை. 2022 ஆகஸ்ட் 10-க்கு முன் எழுந்த உரிமைகளுக்குத்தான் இது பொருந்தும், அவருக்கு நோய் தெரிந்தது போன வருடம். அவருக்கு விஏ திட்டம் மட்டுமே.

நீர்வேதி:

நோய்க்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று அந்த அம்மாள் கேட்டால் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். வழக்கு நடந்தால் இதுவே மையம்.

லெஜூனில் எல்லோரும் ஒரே தண்ணீரைக் குடிக்கவில்லை. டராவா டெரஸ் சுத்திகரிப்பு நிலையம் தனி, ஹேட்நாட் பாயிண்ட் நிலையம் தனி. டராவா டெரஸில் கலந்தது பிசிஇ என்கிற டெட்ராகுளோரோஎத்திலீன், முகாமுக்கு வெளியே இருந்த ஏபிசி ஒன்-அவர் கிளீனர்ஸ் உலர்சலவைக் கடையிலிருந்து. 1953 முதல் அந்தக் கடையின் கழிவு செப்டிக் தொட்டி வழியாக மண்ணில் இறங்கியது; வடித்த பிறகு மிஞ்சிய சேற்றைப் பாதைக் குழிகளில் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். பிசிஇ தண்ணீரை விடக் கனமானது, மேலே மிதக்காது, கீழே இறங்கி நிலத்தடி நீரில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பக்கத்துக் கிணற்றில் பம்பு ஓட ஓட அந்தப் பக்கமாக இழுபட்டு வரும். அமெரிக்க அரசின் ஏடிஎஸ்டிஆர் நிறுவனம் போட்ட கணினி மாதிரிப்படி, 1957 நவம்பர் முதல் 1987 பிப்ரவரி வரையிலான காலத்தில் 346 மாதங்கள் டராவா டெரஸ் குழாய்த் தண்ணீரில் பிசிஇ அளவு, இன்றைய வரம்பான 5 பிபிபியைத் தாண்டியிருந்தது. அளந்து பார்த்ததில் அதிகபட்சம் 215, 1985 பிப்ரவரியில். பிபிபி என்றால் ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராம்.

ஹேட்நாட் பாயிண்ட் கதை வேறு. அங்கே முகாமே காரணம்: எண்ணெய் கசிந்த நிலத்தடித் தொட்டிகள், பட்டறைக் கழிவு, குப்பைக் கிடங்கு. முக்கிய நஞ்சு டிசிஇ என்கிற டிரைகுளோரோஎத்திலீன், இயந்திர பாகங்களில் கிரீஸ் எடுக்கப் பயன்படுத்தியது. கூடவே பென்சீன், வினைல் குளோரைடு. 1982 மே மாத மாதிரி ஒன்றில் டிசிஇ 1,400 பிபிபி இருந்தது. வரம்பு இதற்கும் 5 தான்.

"1982-இல் எடுத்த ஒரு மாதிரியில் ஒன்றுமே இல்லையே" என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். எல்லாக் கிணறும் தினமும் ஓடுவதில்லை. மாற்றி மாற்றி ஓட்டி, வந்த தண்ணீரை ஒரே தொட்டியில் கலந்து அனுப்பினார்கள். கெட்ட கிணறு ஓடாத நாளில் எடுத்த மாதிரி சுத்தமாகத்தான் இருக்கும். சுண்ணாம்பு போட்டுக் கடினத்தன்மை எடுக்கும் அந்தச் சுத்திகரிப்பில் இந்தக் கரைப்பான்கள் அகலவும் இல்லை. கொதிக்க வைத்துக் குடித்தோம் என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. இவை ஆவியாகிப் போகும், சமையலறையிலும் குளியலறையிலும் அந்த ஆவியைச் சுவாசித்தவர்களும் அவர்களே. வெந்நீர்க் குளியலில் மட்டும் உடம்புக்குள் போவது கணிசம்.

மோசமான கிணறுகளை 1984 நவம்பர் கடைசி முதல் 1985 பிப்ரவரி வரை மூடினார்கள். இவர்கள் இருந்த 1981-83 அதற்கு முந்தைய காலம். கணவருக்கு முதல் நான்கு மாதம் பாராக்கில் டிசிஇ, பிறகு வீட்டில் பிசிஇ. பகலில் வேலை ஹேட்நாட் பாயிண்டில் என்றால் இரண்டும். வழக்குக்கான விவரத்தில் வீடு எங்கே என்பதோடு வேலை எங்கே, சாப்பாடு எந்த மெஸ்ஸில் என்பதையும் எழுத வேண்டும். டராவா டெரஸ் என்று மட்டும் எழுதி, டிசிஇயைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

ஜாக்சன்வில்_செல்வன்:

மூவருக்கும் மிக்க நன்றி. 21-0966 நேற்றே போய்விட்டது. அலமாரியைக் கிளறியதில் இரண்டு விஷயம் கிடைத்தது.

ஒன்று, இறப்புச் சான்றிதழ். காரணம் என்ற இடத்தில் "செப்டிக் ஷாக்", அதற்குக் கீழே "நிமோனியா". புற்றுநோய் என்ற சொல்லே எங்கும் இல்லை.

இரண்டு, 2023 மே தேதியிட்ட ஒரு வக்கீல் அலுவலகத்தின் ஒப்பந்தம். டிவி விளம்பரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம், அதன்பின் ஒரு கடிதமும் வரவில்லை. அதில் கட்டணம் 40 சதவீதம் என்று இருக்கிறது. டராவா டெரஸ் வீட்டுக்கான ஒதுக்கீட்டுத் தாள் எதுவும் இல்லை.

படிவம்பிள்ளை:

சான்றிதழை இப்படியே அனுப்பினால் டிஐசி மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். எட்டு நோய்ப் பட்டியலில் நிமோனியா இல்லையே. விஏ விதி கேட்பது புற்றுநோய் நேரடிக் காரணமா என்று மட்டுமல்ல. மரணத்துக்குக் கணிசமாகத் துணை போயிருந்தாலும் போதும். அதனால் கடைசியாகச் சிகிச்சை தந்த புற்றுநோய் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் மூன்று செய்தி வரவேண்டும்: சிறுநீர்ப்பைப் புற்றுநோய் எந்தத் தேதியில் உறுதியானது, கடைசி நாட்களில் அது எந்த நிலையில் இருந்தது, அதனாலோ அதற்கான கீமோவாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்து தொற்று மரணம் வரை போவதற்கு அது கணிசமாகக் காரணமானது, அதற்குக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று. "இருக்கக்கூடும்", "சாத்தியம் உண்டு" என்று எழுதினால் அந்தக் கடிதத்துக்கு எடையே இல்லை. கடைசி மருத்துவமனைக் கோப்பைப் பார்த்துத்தான் எழுதினேன் என்ற வரியும் இருக்கட்டும். சான்றிதழில் கையெழுத்திட்ட டாக்டர் ஒப்புக்கொண்டால் அதிலேயே திருத்தம் செய்யலாம், இன்னும் நல்லது. ஆனால் அதற்காகக் காத்திருந்து விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

பயாப்ஸி அறிக்கை கட்டாயம். சிறுநீர்ப்பையில் தொடங்கியதா, வேறெங்கோ தொடங்கி அங்கே பரவியதா என்பதை அதுதான் சொல்லும். பரவி வந்தது என்றால் பட்டியல் பொருந்தாது.

வீட்டுத் தாள் இல்லாவிட்டால் பரவாயில்லை. டிஐசிக்குக் கணவரின் பணிக்கோப்பே போதும், மனைவி எங்கே குடியிருந்தார் என்பது அங்கே கேள்வி இல்லை. அது வேண்டியது 10-10068-க்கு மட்டும். அந்தக் கால வருமான வரித் தாள், வங்கிக் கடிதம், முகாம் மருத்துவமனைச் சீட்டு, பிள்ளைகள் பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ், தபால் முத்திரை தெரியும் உறை, இப்படி டராவா டெரஸ் முகவரி உள்ள எதையும் சேருங்கள். குடும்பத்தோடு குடியிருக்க அனுமதித்த உத்தரவு பணிக்கோப்பிலேயே சில சமயம் கிடைக்கும்.

மறுப்பு வந்தால் ஒரு வருடத்துக்குள் மூன்றில் ஒன்று: புதுச் சான்று இருந்தால் 20-0995, இருக்கிற சான்றையே மூத்த அதிகாரி திரும்பப் பார்க்க 20-0996, மேல்முறையீட்டு வாரியத்துக்கு 10182. டாக்டர் கடிதம் விட்டுப்போய் மறுத்திருந்தால் முதலாவதுதான் சரி. அந்த ஒரு வருடத்துக்குள் போட்டால் பழைய தேதி தங்கும்.

கோர்ட்டுப்படி:

அந்த ஒப்பந்தம் ரொம்ப முக்கியம். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்கியதும் கோரிக்கை போட்டதும் ஒன்றல்ல. வக்கீல் அலுவலகத்துக்கு எழுத்தில், ரிஜிஸ்டர் தபாலில், மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: கடற்படையிடம் கோரிக்கை எந்தத் தேதியில் போனது, கோரிக்கை எண் என்ன, எவ்வளவு தொகை கேட்டிருக்கிறார்கள். தொகை எழுதாத கோரிக்கை செல்லாது என்று அரசுத் தரப்பு வாதாட இடம் உண்டு, அதனால் மூன்றாவதை விடக்கூடாது. பதில் வராவிட்டால் நார்ஃபோக்கில் இருக்கும் கடற்படைக் கோரிக்கைப் பிரிவிலேயே கணவர் பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் கொடுத்துக் கேட்கலாம். நாம் தேடிப் போய்க் கொடுக்கும் இடம் அது, போன் செய்து கேட்கிறவனுக்குக் கொடுக்காதீர்கள். கெடுவுக்குள் போடாமல் விட்டிருந்தால் அது அந்த வக்கீலின் கடமைத் தவறு. அதற்கென்று தனி வழக்கறிஞரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும்.

40 சதவீதம் செல்லாது. கடற்படையோடு சமரசம் என்றால் 20, வழக்குப் போட்ட பிறகு என்றால் 25, அதற்கு மேல் வாங்க முடியாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கோரிக்கை போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 செப்டம்பரில் அறிவித்த விரைவுத் தீர்வுத் திட்டம் இவருக்குப் பொருந்துமா என்று பார்க்கலாம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் முதல் பிரிவு. ஒரு வருடத்துக்குக் குறைவாக முகாமில் இருந்தவருக்கு 1,50,000 டாலர், ஒன்று முதல் ஐந்து வருடம் 3,00,000, அதற்கு மேல் 4,50,000. நோயால் மரணம் என்றால் கூடுதலாக 1,00,000. இவர் இரண்டே கால் வருடம், ஆக மொத்தம் 4,00,000. விஏவோ மெடிகேரோ கொடுத்ததைக் கழிக்காமல் தருவார்கள், கோர்ட்டில் தீர்ப்பாகும் தொகையிலிருந்து அவை கழியும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் "கோர்ட்டில் இன்னும் நிறையக் கிடைக்கும்" என்று காத்திருப்பது எல்லோருக்கும் லாபம் அல்ல. அவர்கள் தொகையை முன்வைத்தால் அறுபது நாளுக்குள் ஏற்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று. கடைசியாக முகாமில் இருந்த நாளிலிருந்து 35 வருடத்துக்குள் நோய் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. 1983 ஜூன், 2018 பிப்ரவரி. முப்பத்து நான்கு வருடம் எட்டு மாதம். மயிரிழையில் உள்ளே. அதனால் 2018 பிப்ரவரி பயாப்ஸி அறிக்கையில் தேதி தெளிவாகத் தெரிய வேண்டும். "2018-இல் தெரிந்தது" என்று மட்டும் எழுதிய டாக்டர் சுருக்கம் அந்த வருடக் கடைசியாகவும் இருக்கலாம் என்று ஒதுக்கப்படும். இங்கேயும் மரணத் தொகை கேட்க, படிவம்பிள்ளை சொன்ன அதே டாக்டர் கடிதம் வேண்டும். ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் ஆகுமாறு எழுதி வாங்குங்கள்.

மனைவி என்ற முறையில் மட்டும் பணம் வாங்கிவிட முடியாது, இறந்தவரின் சட்டப் பிரதிநிதியாக வேண்டும். உயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கணவர் கடைசியாக வசித்த கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் கிளர்க் அலுவலகத்தில் நியமனக் கடிதம் வாங்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், இப்போதே தொடங்குங்கள்.

மேரிலாந்து_மீனா:

இடையில் ஒரு கேள்வி அண்ணா. என் தோழியின் மாமனார் கலிபோர்னியா எல் டோரோ மரீன் விமானத் தளத்தில் இருந்தவர். அங்கேயும் நிலத்தடி நீரில் டிசிஇ என்று படித்தேன். அவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய். இதே வழியில் போகலாமா? தீயணைப்பு நுரை வழக்கு என்றும் சொல்கிறார்களே?

படிவம்பிள்ளை:

இதே வழி இல்லை அம்மா. எட்டு நோய் விதியும் 2022 நீதிச் சட்டமும் லெஜூனுக்கு மட்டும். எல் டோரோ, மாசு அகற்ற வேண்டிய இடங்களின் அரசுப் பட்டியலான சூப்பர்ஃபண்டில் உள்ள தளம்தான், டிசிஇ மாசும் உண்மைதான், ஆனால் விஏ அங்கே தானாக எதையும் எடுத்துக்கொள்ளாது. அவர் 21-526ஈஇசட் போட்டு மூன்றையும் தானே நிறுவ வேண்டும்: நோய், தளத்தில் நஞ்சுக்கு ஆட்பட்டது, இரண்டுக்கும் தொடர்பு. நிலத்தடியில் மாசு இருந்தது என்பது வேறு, அந்தத் தண்ணீரை இவர் குடித்தார் என்பது வேறு. பெரும்பாலான கோரிக்கைகள் விழுவது இந்த இடைவெளியில்தான். குடிப்பதைவிட வேலையில் கையாண்டது வலுவான சான்று. இயந்திரப் பட்டறையில் டிசிஇயால் பாகங்களைத் துடைத்தவர் என்றால் பணிப்பிரிவு எண்ணோடு அதை முதலில் எழுதுங்கள். பேக்ட் சட்டப்படி, நஞ்சுக்கு ஆட்படும் வேலை செய்ததற்கு ஆதாரம் இருந்தால் விஏ தன் செலவில் மருத்துவக் கருத்து கேட்டாக வேண்டும். டிசிஇக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு அறிவியலில் உறுதியானது, அது அவருக்குச் சாதகம்.

நீர்வேதி:

நுரை வழக்கு முற்றிலும் வேறு. ஜெட் எரிபொருள் தீயை அணைக்கும் ஏஎஃப்எஃப்எஃப் நுரையில் இருந்த பிஃபாஸ் வேதிப்பொருள்கள் பற்றியது. பிரதிவாதி அரசு அல்ல, தயாரித்த கம்பெனிகள். சவுத் கரோலினா சார்ல்ஸ்டன் ஃபெடரல் கோர்ட்டில் ஒன்றுசேர்த்து நடக்கிறது. அங்கேயும் முன்வரிசையில் உள்ள நோய்களில் சிறுநீரகப் புற்றுநோய் ஒன்று. ஆனால் கெடு அவரவர் மாநிலச் சட்டப்படி, நோய்க்கும் நுரைக்கும் தொடர்பு தெரிய வந்த நாளிலிருந்து பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான். எனவே அதை முதலில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

தளத்தை ஒட்டிய வீட்டில் சொந்தக் கிணறு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: பிஃபாஸைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். டிசிஇ போல ஆவியாகிப் போகிற சரக்கு அல்ல அது. பிஃபாஸ் குறைப்புக்கென்று சான்று பெற்ற என்எஸ்எஃப் 53 கரி வடிகட்டி அல்லது என்எஸ்எஃப் 58 ஆர்ஓ வேண்டும். கரி வடிகட்டியைக் குறித்த லிட்டருக்கு மேல் ஓட்டினால் பிடித்து வைத்ததையே திரும்ப விட ஆரம்பிக்கும். 2024-இல் சுற்றுச்சூழல் துறையான ஈபிஏ வைத்த வரம்பு, பிஃபாஸ் வகைகளான பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் 4 பிபிடி, அதாவது ஒரு லிட்டரில் 4 நானோகிராம். சாதாரணக் கிணற்றுப் பரிசோதனையில் இது வராது, பிஃபாஸ் என்று தனியாகக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

ஜாக்சன்வில்_செல்வன்:

கவுண்டி படைவீரர் அலுவலகத்தில் நேரம் வாங்கிவிட்டேன். அவர்கள் 21-22 என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வக்கீல் ஒப்பந்தம் இருக்கும்போது இதில் போடலாமா?

கோர்ட்டுப்படி:

தாராளமாக. 21-22 விஏ கோரிக்கைக்கு மட்டும் பிரதிநிதி நியமிப்பது, கடற்படைக் கோரிக்கையில் வக்கீலின் உரிமையை அது தொடாது. ஒன்று மட்டும் பாருங்கள்: 2023 ஒப்பந்தக் கட்டோடு 21-22ஏ என்ற படிவத்திலும் அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? வக்கீலை விஏவுக்கும் பிரதிநிதி ஆக்கும் படிவம் அது. விஏவில் ஒரே சமயத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். புதிதாகப் போடும் 21-22 பழையதை நீக்கிவிடும். அப்படி இருந்தால் கவுண்டி அலுவலரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நீக்கியதற்கான நகலை வக்கீலுக்கும் அனுப்ப முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.